மாடியில் மாட்டிய துரை

நியாயமான கோபத்தைப் போல ஒரு மனிதனை முட்டாளாக்குவது வேறெதுவும் இல்லை. தப்பான காரணத்துக்குக் கோபப்படுகிறவனுக்கு நடுவில் ஒரு சந்தேகம் வரும். குரல் இறங்கும். 'சரி, விடு' என்று போய்விடுவான். நியாயம் தன் பக்கம் இருக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் கடைசிவரை போவான். நான் போனேன். ஏணி வைத்து ஏறியே போனேன்.

(இப்போதும் சொல்கிறேன், அன்றைக்கு நியாயம் என் பக்கம்தான். எங்கள் வீட்டில் ஒருவரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.)

ஆரணியில் எங்களுக்கு ஒரு பட்டுப் புடவைக் கடை. அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு அண்ணனும் நானும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பாஸ்கர் அண்ணன் கடையில் உட்காருவார், வருகிறவர்களிடம் சிரிப்பார். நான் முள்ளிப்பட்டுப் பக்கம் போய், தறி வைத்திருக்கிறவர்களிடம் பட்டு நூலும் சரிகையும் கொடுத்து, புடவை நெய்து வாங்கி வருவேன். சிரிக்க மாட்டேன். "ரெண்டு பேருக்கும் பொருத்தமா பிரிச்சிக்கினீங்க" என்று அம்மா சொல்வார். அதில் எவ்வளவு பாராட்டு, எவ்வளவு கிண்டல் என்று நான் விசாரித்ததில்லை.

கல்யாணப் பட்டுக்கென்று தனியாக மேலே ஒரு மாடி கட்டினோம். அதை அலங்கரிக்க அண்ணன் சென்னையிலிருந்து ஒரு டிசைனரைக் கூட்டிவந்தார். ரோஹித் என்று பெயர். கணுக்கால் தெரிகிற பேண்ட் போட்ட, எதைக் கேட்டாலும் 'தீம்' என்று பதில் சொல்கிற பையன். 'சார், சுவர் ஏன் சாம்பல் நிறம்?' தீம். 'லைட் ஏன் எரியுற மாதிரியும் இல்ல, எரியாத மாதிரியும் இல்ல?' அதுவும் தீம். அண்ணனுக்கு அவனைப் பிடித்துவிட்டது. நான் பெரும்பாலும் முள்ளிப்பட்டிலேயே இருந்ததால் இதிலெல்லாம் தலையிடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அண்ணா, பழைய கடையில இருந்த அப்பா படம் மாடியில வரணும். படி ஏறினதும் எதிர்ல தெரியுதே, அந்தச் செவுத்துல."

அண்ணன் தலையாட்டினார்.

அண்ணன் தலையாட்டினால் அது சம்மதம் இல்லை. 'நீ பேசியது காதில் விழுந்தது' என்று மட்டும்தான் பொருள். தம்பியாகப் பிறந்து இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

திறப்பு விழாவன்று காலை என் மனைவி ஹேமா எனக்கென்று எடுத்திருந்த புதுப் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சந்தன நிறம். வேட்டியும் அதே நிறம். கண்ணாடியில் பார்த்தபோது நானே ஒரு சுமாரான மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். கடையின் கீழ்த் தளத்தில் ஐயர் ஹோமம் வளர்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் அண்ணியும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். புகையில் கண் எரியவே, அப்பா படத்துக்கு மாலை போட்டுவிட்டு வரலாம் என்று நான் மட்டும் மாடிக்குப் போனேன்.

படி ஏறினதும் எதிர்ச் சுவர். அங்கே அப்பா இல்லை. ஒரு வெள்ளைக்காரன் இருந்தான்.

கிட்டத்தட்ட என் உயரத்துக்கு ஒரு எண்ணெய் ஓவியம். சுற்றிலும் தங்க நிறச் சட்டம். அதில் சிப்பியும் இலையும் சுருள் சுருளாக ஏறி, எங்கே முடிவதென்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. நடுவில் அந்த ஆள். ரோஜா நிறத்தில் பட்டுக் கோட்டு, ஓரமெல்லாம் பொன் வேலைப்பாடு. மணிக்கட்டில் பால் பொங்கி வழிந்தமாதிரி லேஸ். தலையில் மாவு தூவியதுபோல வெள்ளை டோப்பா, பின்னால் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கன்னத்தில் ரூஜ். உதட்டில் சாயம். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் ஒரு தொப்பி. போட்டுக்கொள்ளவும் முடியாது, கீழே வைக்கவும் மனசில்லை என்பதுபோலப் பிடித்திருந்தான். பின்னால் மேகம். இத்தனைக்கும் மேலே அவன் முகத்தில் ஒரு புன்சிரிப்பு. 'நீ யாரப்பா, இங்கே எதற்கு வந்தாய்?' என்று எங்கள் கடையில் நின்றுகொண்டு என்னைக் கேட்கிற சிரிப்பு.

ரோஹித் பக்கத்தில் நின்று அந்தச் சட்டத்துக்கு மேலே இருந்த விளக்கைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இன்னாது இது?" என்றேன்.

"ரொகோகோ சார்."

"இன்னா கொக்கோ?"

"ரொ-கோ-கோ. பதினெட்டாம் நூற்றாண்டு யூரோப் ஸ்டைல் சார். இவர் ஒரு பிரெஞ்சுப் பிரபு. ஒரிஜினல் ஏதோ மியூசியத்துல இருக்கு. இது நம்ம ஆர்ட்டிஸ்ட் கையாலயே வரைஞ்ச காப்பி. பிரிண்ட் இல்ல சார், பியூர் ஆயில். போன வாரம்தான் முடிச்சாரு. பட்டுன்னா லக்ஸரி, லக்ஸரின்னா இவங்கதான. அந்தக் கோட்டப் பாருங்க. ஃபுல் சில்க்."

"எங்கூர்ல பட்டு நெய்யாத தெருவே இல்ல. பட்டுன்னா இன்னான்னு எங்களுக்குச் சொல்லித்தர பிரான்ஸ்லேந்து ஒருத்தன் பவுடர் போட்டுகினு வரணுமா?"

"இல்ல சார், தீம்ல..."

"எங்கப்பா படம் எங்க?"

அவன் விளக்கைத் திருகுவதை நிறுத்தினான். "அது வந்து... ஃபிரேம் செட் ஆகல சார். ஸேஃபா வெச்சிருக்கேன்."

ஸேஃபாக வைத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். பின்னறையில், காலி அட்டைப்பெட்டிகளுக்கும் ஒரு துடைப்பத்துக்கும் நடுவில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார் அப்பா. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மூலையில் திருப்பி நிறுத்திவைத்த பிள்ளை மாதிரி. இந்தக் கடையை எழுப்பியவர். முந்தின நாள் போட்டிருந்த சந்தன மாலைகூட ஒரு பக்கமாக நழுவியிருந்தது.

இந்த இடத்தில் வாசகர்களைக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டீர்களா? (ஹேமா இதைப் படித்துவிட்டு, "படுவாங்க. ஆனா ஏணி தேட மாட்டாங்க" என்கிறாள்.)

ஏணியைத் தேடவே வேண்டியதில்லை. சீரியல் விளக்கு மாட்டிய எலக்ட்ரீஷியன் அதை அங்கேயே விட்டிருந்தார். இழுத்துப் போட்டு ஏறினேன்.

"சார்! தொடாதீங்க சார்!" ரோஹித் ஓடிவந்தான்.

வாழ்க்கையில் யாரிடமும் யாரும் சொல்லக்கூடாத நேரத்தில் சொன்ன சொல் அது. "இன்னாது? எங்கடையில, எஞ்செவுத்துல, என்னியே தொடாதன்றியா?"

"அய்யோ, அதில்ல சார். அது இன்னும்..."

"இன்னும் இன்னா? இன்னும் அவரு ராஜ்ஜியம்தான் நடக்குதா இங்க?"

"சார், ப்ளீஸ், அது காய..."

"காயம் இன்னா காயம்! எனக்குப் பட்ட காயம் உனக்குத் தெரியுமா?"

அந்தப் பையன் மூன்றாவது முறையும் வாயைத் திறந்தான். மூன்றாவது முறையும் நான் மூடவைத்தேன். கோபத்தில் எனக்குப் பேச்சு சரளமாக வரும். மற்ற நேரத்தில் நாலு பேர் நடுவில் வணக்கம் சொல்லவே திணறுகிற ஆள் நான். அன்றைக்கு அந்த ஏணியின் மேலே நின்றுகொண்டு ஐரோப்பா, சென்னை, டிசைன் படிப்பு, கணுக்கால் தெரிகிற பேண்ட் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தேன். சத்தம் கேட்டு விற்பனைப் பெண்களும் எலக்ட்ரீஷியனும் வந்து நின்றார்கள். கீழே அண்ணன் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் ஹோமத்தில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து வர முடியாது. அது எனக்கு இன்னும் தைரியம் கொடுத்தது.

படத்தைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். கனம் என்றால் அப்படியொரு கனம். பெரிய சட்டம் வேறு. ஒரே வழிதான் இருந்தது. இரண்டு கையாலும் அணைத்து, நெஞ்சோடும் வயிற்றோடும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினேன். என் கல்யாணத்தில்கூட யாரையும் நான் அவ்வளவு நேரம் கட்டிப்பிடித்ததில்லை. வயிற்றில் சில்லென்று ஏதோ பட்டது. வியர்வை என்று நினைத்தேன். ஒரு வாடையும் வந்தது. புதுக் கட்டடம், சுவரெல்லாம் பெயிண்ட், கதவெல்லாம் வார்னிஷ். எந்த வாடையை என்னவென்று பிரித்துப் பார்ப்பது?

கீழே இறங்கி, எங்கப்பாவை எப்படி வைத்தானோ அப்படியே, சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினேன். "நில்லுடா அங்க" என்று படத்திலிருந்தவனிடம் சொன்னதாகவும் ஞாபகம்.

பிறகு எல்லாரையும் பார்த்துத் திரும்பினேன்.

விற்பனைப் பெண்கள் ஒரே நேரத்தில் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். எலக்ட்ரீஷியன் கூரையைப் பார்த்தார். ரோஹித் நெற்றியில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா சிரிப்பு? ஒருத்தன் தன்னோட அப்பாவுக்காகப் பேசினா உங்களுக்குச் சிரிப்பா?"

ஒரு பெண் குனிந்துகொண்டே ஓடினாள். நான் குரலை இன்னும் உயர்த்தினேன். உயர்த்த உயர்த்த அவர்கள் தோள் குலுங்கியது. (ஒருவர்கூடவா சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "சார், உங்க..." என்று ஆரம்பித்தவர்கள் உண்டு. நான் முடிக்கவிட்டால்தானே.)

இந்த நேரம் பார்த்துத்தான் களம்பூர் ஜெயபால் குடும்பம் மாடி ஏறி வந்தது.

அவர் அரிசி ஆலை வைத்திருக்கிறவர். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையை விட்டு வேறு படி ஏறாதவர். மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சென்னையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வந்து, நிறம் பார்த்து, கரை பார்த்து, சரிகை பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். இளஞ்சந்தன உடல், அரக்குக் கரை. முள்ளிப்பட்டில் ஏழுமலை என்கிற நெசவாளரிடம் நானே கொடுத்து நெய்து வாங்கியது. புது மாடியின் முதல் விற்பனை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார்.

நான் கோபத்தை அப்படியே விழுங்கிவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன். "வாங்க, வாங்க, உக்காருங்க."

ஜெயபால் என் வயிற்றையே பார்த்தார். "சட்ட புதுசா கீதே தம்பி. டிசைனு ஒரு மாதிரி..."

"வூட்ல எடுத்தாங்க" என்றேன் அடக்கமாக.

"அப்டியா. இப்பல்லாம் ஆளு படம்கூடப் போட்டு வருது போல" என்றார் அவர் மனைவியிடம். நான் அதைக் காதில் வாங்கவில்லை. புடவையை எடுக்கப் போய்விட்டேன்.

கல்யாணப் புடவையை எங்கள் கடையில் மேஜைமேல் விரித்துக் காட்டுவதில்லை. விற்கிறவர் தன் தோளில் முந்தானையைப் போட்டு, உடம்பில் சுற்றிக் காட்ட வேண்டும். அப்போதுதான் விழுகிற அழகு தெரியும். அப்பா அதில் கெட்டிக்காரர். ஒரு விற்பனைப் பெண் புடவையைப் பிரித்துத் தன் தோளில் போடப் போனாள். அன்றைக்கு என்னமோ அப்பாவின் இடத்தில் நான்தான் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"குடு இங்க."

"சார், வேணாம் சார்!" என்று அவள் புடவையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"நீயும் என்னிய தொடாதன்றியா?"

பிடுங்கினேன். முந்தானையைத் தோளில் போட்டேன். நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து வயிற்றில் படியவைத்து, சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நன்றாகத் தடவினேன். ஒருமுறைக்கு இரண்டுமுறை தடவினேன். "பாரும்மா, எப்டி விழுது பாரு. இந்த மாதிரி கரை வேற எங்கியும் கெடைக்காது." சொல்லிக்கொண்டே அரைவட்டமாகத் திரும்பியும் காட்டினேன்.

கீர்த்தனாவின் முகம் மலர்ந்திருந்தது. புடவையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவள் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி புடவையைப் பார்த்தாள்.

ஹோமப் பிரசாதத்தோடு அம்மா அப்போதுதான் மாடிக்கு வந்தார். படியின் கடைசியில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"மோகனு. சட்டையப் பாருடா."

குனிந்து பார்த்தேன்.

என் வயிற்றில் ஒரு துரை இருந்தான். இடவலமாக மாறி, கொஞ்சம் இழுபட்டு, ஆனால் சந்தேகமில்லாமல் அவன்தான். நெஞ்சுப் பகுதியில் வெள்ளை டோப்பா. அதற்குக் கீழே ஒரு கண்ணும் அரை மூக்கும். இரண்டு பக்கமும் ரோஜா நிறக் கன்னம். தொப்புளுக்கு மேலே சிவப்பு உதடு. அந்தப் புன்சிரிப்புகூடத் தப்பாமல் வந்திருந்தது. நான் மூச்சு வாங்க வாங்க அவன் கன்னம் உப்பியது, இறங்கியது. இத்தனை நேரம் நான் கத்தியபோதெல்லாம் அவனும் கூடவே கத்தியிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

"எண்ணெய் ஓவியம் காய மாசக்கணக்காகும் சார்" என்று தரையிலிருந்து ரோஹித்தின் குரல் வந்தது. "அதத்தான் சொல்ல வந்தேன்."

புடவையில், மார்பில் விழுகிற இடத்தில், அதே கன்னமும் கண்ணும் இன்னும் கொஞ்சம் மங்கலாக இறங்கியிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. ஜெயபால் வாயைத் திறக்குமுன் கீர்த்தனா பேசினாள். அந்தப் பெண்ணும் கோபக்காரிதான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கோபம் வேறு ரகம். கத்தாமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள்.

"அண்ணா, நீங்க யார்மேல கோவமா இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. என்மேல இல்லதானே? அப்புறம் ஏங்க அது எம் பொடவையில வந்து விழுந்துச்சு?"

நான் இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டேன்.

"தாலி கட்டும்போது எல்லாரும் மாப்பிள்ளைய பாப்பாங்களா, இந்த மூஞ்சிய பாப்பாங்களா?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஜெயபால் எழுந்துவிட்டார். "அப்பா காலத்துல இப்டி நடக்காது" என்பதுபோல ஏதோ சொன்னார். சொன்னது எங்கப்பாவைப் பற்றியா அவரப்பாவைப் பற்றியா என்றுகூட எனக்குக் காதில் சரியாக விழவில்லை.

"அதே பாவுல அடுத்த பொடவ தறியில ஓடிகினு இருக்குதும்மா" என்றேன். ஒருமுறை தறியில் ஏற்றிய பாவில், அதாவது நீளவாட்டு நூலில், வரிசையாகச் சில புடவைகள் நெய்வார்கள். அதே நிறம், அதே கரை. "கல்யாணத்துக்குள்ள நானே கொண்டாந்து குடுக்கறன். இது எம் பொறுப்பு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அதுல யார் மூஞ்சி இருக்கும்?"

அண்ணன் ஹோமம் முடிந்து நெற்றியில் ரட்சைப் பொட்டோடு மேலே வந்தார். வந்தவர் காலியான சுவரைப் பார்த்தார், திரும்பி நின்ற படத்தைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். என் அண்ணன் சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கிற? மொத நாளுடா! மொத போணிடா!"

"நீ அப்பா படத்த தொடப்பத்துக்குப் பக்கத்துல போட்ட!"

"எனக்குத் தெரியாதுடா! கீழ கல்லாகிட்ட மாட்டுறன்னுதான் எங்கிட்ட சொன்னான்."

"எங்கிட்ட மாடியிலன்னு தலையாட்டினியே!"

"டேய், உண்மையச் சொல்லு. நீ அப்பாவுக்காகச் சண்ட போட்டியா, உன்னக் கேக்கலன்னு சண்ட போட்டியா?"

"ரெண்டுக்கும்தான்!" என்று கத்தினேன். என் வயிற்றிலிருந்தவனும் கத்தினான். அண்ணனின் உதடு ஒருமுறை துடித்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்கினார் என்று நான் இன்றுவரை சொல்கிறேன். துக்கம் என்று அவர் சாதிக்கிறார்.

அம்மா எங்கள் இருவரையும் பேசவிட்டு, பின்னறைக்குப் போய் அப்பா படத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாங்கப் போனேன்.

"நீ தொடாத. மொதல்ல போய் சட்டையக் கழட்டு." பிறகு அண்ணனிடம் திரும்பினார். "நீ எல்லாத்துக்கும் தலையாட்டினதாலதான் இவ்ளோ பேஜாரு. ஆமான்னா ஆமான்னு வாயத் தொறந்து சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு." கடைசியாக ரோஹித்திடம். "ஏம்பா, பெரியவங்க படத்த செவுத்தப் பாத்தா வெப்பாங்க? உங்கூட்ல வெப்பியா?"

ரோஹித் எழுந்து நின்று, "சாரிங்கம்மா" என்றான். நான் ஏணியில் ஏறியதிலிருந்து அவன் சொல்லி முடித்தது எண்ணெய் காயாத விஷயத்தையும் இந்தச் 'சாரி'யையும்தான். மற்றதையெல்லாம் நான் முடிக்கவிடவில்லை.

மீதி நாள் முழுக்க அண்ணனுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பொத்தான் போட முடியாமல், பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். துடைப்பம் அங்கேயேதான் இருந்தது.

மறுநாளிலிருந்து முள்ளிப்பட்டு. காலையில் போய் ஏழுமலையின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் எழுகிறவரை நானும் எழுவதில்லை. குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"மொறைச்சிப் பாத்தா தறி ஜல்தியா ஓடுமாங்க? இப்டி மூச்சு உட்டுகினு பக்கத்துல உக்காந்தீங்கன்னா எனக்குக் கையே வரலீங்க. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

எழுந்து வாசல்வரை போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. அந்தத் துரை மூஞ்சி உங்க வயித்துலதான் இருந்துச்சாங்களா, நெஞ்சுலயாங்க? இங்க ரெண்டு விதமா பேசிக்கிறாங்க."

எனக்கு வந்த கோபத்தை இந்த முறை விழுங்கிவிட்டேன். அவர் கையில் என் புடவை இருந்தது. "ரெண்டுலயும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனேன். டீக்கடையிலும் அதையே கேட்டார்கள்.

புடவை குறித்த நேரத்துக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் களம்பூருக்கு நானே எடுத்துப்போனேன். துணிப்பைக்குள் அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு துணி. உடம்பில் படாமல் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். வழியில் ஒருவர் ஏதோ சாமி காரியம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நின்றார்.

கீர்த்தனா பெட்டியைப் பிரித்து, முழுப் புடவையையும் வெளிச்சத்தில் விரித்து, ஒவ்வொரு முழமாகப் பார்த்தாள். கடைசியில் சிரித்தாள். "கல்யாணத்துக்கு வந்துருங்கண்ணா. ஆனா எங்களக் கட்டிப்புடிக்கக் கூடாது."

போனேன். மேடையில் மாப்பிள்ளையிடம், "நான் சொன்னேன்ல, துரை. இவருதான்" என்று அறிமுகப்படுத்தினாள். மாப்பிள்ளை மரியாதையாகக் கைகொடுத்துவிட்டு, மரியாதையாகவே என் வயிற்றைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தை ரோஹித் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. யார் எடுத்துக்கொள்வார்கள்? பிரபுவின் மூக்கு பாதி என்னிடம் வந்துவிட்டது. ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருந்தது. முகத்திலிருந்து கோட்டுவரை என் சட்டைப் பொத்தான்களின் அச்சு வரிசையாக விழுந்திருந்தது. தூக்கிப் போடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. அப்பா படத்தை நான் கேட்ட இடத்திலேயே மாட்டவைத்தார். பக்கத்துச் சுவரில் அவனையும் மாட்டச் சொன்னார். "பாவம், அந்த ஆளு இன்னா பண்ணான்? வந்த எடத்துல இவங்கிட்ட மாட்டிக்கினான்." கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் அவன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். யாரது என்று கேட்டால் அண்ணன் சிரித்துக்கொண்டே என் பக்கம் கை காட்டுகிறார். அந்தச் சிரிப்பால் வியாபாரம் பெருகியிருக்கிறது என்பதை நான் வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சரியான காரணத்துக்குத்தான் வருகிறது என்றும் சொல்வேன். போன வாரம்கூட ஒருத்தன் எங்கள் கடை வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, 'இப்ப இன்னா' என்பதுபோல நின்றான். நியாயம் முழுக்க என் பக்கம். படியிறங்கிப் போய் அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டினேன். நல்ல நல்ல வார்த்தைகளாக வாயில் திரண்டு நின்றன. முதல் வார்த்தையைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஹேமாவின் குரல், மிகவும் சாதாரணமாக, சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரி வந்தது.

"ஏங்க, சட்டையப் பாத்தீங்களா?"

குனிந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அண்ணன் பெண்ணிலிருந்து அம்மாவரை எல்லாருக்கும் இப்போது இந்த ஒரு வாக்கியம் தெரியும். வண்டிக்காரனும் என் சட்டையைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒருமுறை குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டவன், நிமிர்ந்து மறுபடி விரலை நீட்டித் திட்டுவது முடியாத காரியம். வேண்டுமானால் நீங்களே முயன்று பாருங்கள்.